மறுப்போலை

ஐப்பசிப் பௌர்ணமி நிலவு கீழ்வானில் எழுந்து, வெண்குன்றக் கோட்டையின் மதில்களைப் பாலால் மெழுகி, கோட்டைக்கு மேற்கே விரிந்துகிடந்த அரசியேரியின் அலைகளின்மீது வெள்ளித் தகடுகளை உடைத்துத் தூவிய அந்திப் பொழுது அது. அன்புள்ள வாசகர்களே, காட்சி அழகானதுதான். ஆனால் பத்து நாளாக அந்த ஏரிக்கரைக்கு மண் சுமந்து கழுத்து இறுகிப்போன நூறு பேரில் ஒருவர்கூடத் தலைநிமிர்ந்து அதைப் பார்க்கவில்லை. அக்கரையில் பகைவரின் பாசறை நெருப்புகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அந்தப் படைக்கும் கோட்டைக்கும் நடுவே நின்ற ஒரே காவல் ஏரியின் நீர்தான்.

கரைமேலிருந்த கல்மண்டபத்தில் அதிகாரிச்சி எயினி அமர்ந்திருந்தாள். அரசியின் முத்திரை அவள் கையில். மண் சுமந்தவர் வயிற்றில் பிறந்து, சபையின் தேர்வுகளில் ஆண்களை வென்று அந்த இருக்கைக்கு வந்தவள். எதிரே, கையில் ஓலையுடன் நின்றவன் ஏரிக் கண்காணி விடங்கன். தை பிறந்ததும் அவளுக்கு மாலையிடப் போகிறவன்.

"தென்கரை கசிகிறது, எயினி. இரவு தாங்காது. வடமூலையில் கரையை வெட்டி நீரை இரண்டு முழம் இறக்கினால்தான் ஏரி பிழைக்கும். முத்திரை வை."

"வடமூலைக்குக் கீழே எண்பது குடிசைகள் இருக்கின்றனவே?"

"எல்லோரையும் மேட்டுக்கு அனுப்பிவிட்டேன்."

அந்த அரசில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஆணைக்கும் முத்திரை வைக்குமுன், அதை வைக்கும் அதிகாரி தன் கையாலேயே அந்த ஆணைக்கு எதிராக இன்னோர் ஓலை எழுத வேண்டும்: இது ஏன் தவறாக இருக்கலாம், யார் சொல்லித் தெரிந்தது, வேறு வழி உண்டா என்று. அதற்கு மறுப்போலை என்று பெயர். இரண்டையும் சேர்த்துக் கட்டிய பிறகே முத்திரை. மற்றவர் கொண்டுவரும் ஆணைகளுக்கு எயினி எழுதிய மறுப்போலைகளைக் கண்டு அமைச்சர்களே வியர்த்ததுண்டு. விடங்கனின் ஓலைகளுக்கு மட்டும், மூன்று ஆண்டுகளாக, அவள் வெற்றோலையைக் கட்டி அனுப்பிவந்தாள். அன்புக்கு எதிராக என்ன எழுதுவது என்று நினைத்துவிட்டாள், பாவம்!

இன்றும் வெற்றோலைக்குக் கை நீட்டினாள். விடங்கன் சிரித்தான்.

"வேண்டாம். அதையும் நானே கொண்டுவந்துவிட்டேன்."

அவன் நீட்டிய இரண்டாம் ஓலையில் ஒரே ஒரு வரி இருந்தது: 'மறுப்பு ஏதுமில்லை.' கையெழுத்து அவனுடையது.

எயினியின் விரல்கள் முத்திரைமேல் நின்றன. அவள் வெற்றோலை கட்டியது காதல். அவன் அதைக் கணக்கிலெடுத்து முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்தது வேறு ஏதோ. அந்த 'ஏதோ'வுக்குப் பெயர் தேட அவள் மனம் அஞ்சியது, மூளை அஞ்சவில்லை. எழுந்து வெளியே வந்து, கூடையுடன் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை நிறுத்தினாள்.

"சடைச்சி, தென்கரையில கசியுதாமே?"

"கசியுது தாயி. எந்த மண்கரைதான் ஐப்பசியில கசியாம இருக்கு?"

"தண்ணி எப்படி வருது?"

"கண்ணாடியாட்டம் வருது. நான் அதுலதான் மூஞ்சி கழுவினேன். கலங்கலா வந்தாத்தான் கரை உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அர்த்தம். இது சும்மா வேர்க்குது. நமக்கு வேர்க்கலையா?"

"வடமூலைச் சனம் மேட்டுக்குப் போயாச்சா?"

சடைச்சி கூடையை இறக்கி இடுப்பில் கை வைத்தாள். "யாரு போனா? எங்க வீட்டு உலை கொதிக்குது, எம் மாமியா என்னை வைய ஆரம்பிச்சிருப்பா. யாரு சொன்னா இதை?"

எயினி வடக்கே நிமிர்ந்து பார்த்தாள். வடமூலைக்குக் கீழே அடுப்புப் புகை எழுவது அங்கிருந்தே தெரிந்தது. நிமிர்ந்திருந்தால் முன்பே கண்டிருப்பாள்.

மண்டபத்துக்குள் திரும்பியபோது அவள் குரல் நீதிமன்றக் குரலாகியிருந்தது.

"கண்காணியாரே, கசியும் தண்ணீர் கலங்கலின்றித் தெளிவாக இருக்கிறது. குடிகள் ஊரில் இருக்கிறார்கள். ஆகவே உமக்கு வேண்டியது கரையின் நலமன்று. ஏரி இரண்டு முழம் இறங்குவதுதான். எதற்காக?"

விடங்கன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல அணைந்தது. "கேட்க மாட்டாய் என்று நினைத்தேன்."

"மூன்று ஆண்டுகள் கேட்கவில்லை. அதற்காகத்தான் என்னைத் தேர்ந்தீரா?"

"அக்கரைப் பாசறைக்கு நான் ஒற்றன். அது உண்மை. ஆனால் உன்னிடம் சொன்னவையெல்லாம் பொய்யல்ல, எயினி."

"எவை பொய், எவை மெய் என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்று பொழுதில்லை. காவலரே!"

அவள் குரல் முடியுமுன் அவன் மண்டபத்தின் பின்வாசலால் பாய்ந்து, கரையிலிருந்து ஏரிக்குள் குதித்துவிட்டான். ஓடிவந்த காவலர்கள் திகைத்து நின்றார்கள். ஆளை விழுங்கும் ஆழமென்று எல்லோரும் நம்பிய நீரில் அவன் நீந்தவில்லை, நடந்தான்! நெஞ்சளவு நீரில், காலுக்கு உறுதியான தரை கிடைத்தவனாக, நிலவொளியைக் கிழித்துக்கொண்டு அக்கரை நோக்கி நடந்தான். ஏரி கட்டுமுன் அங்கே ஒரு கல்பாதை இருந்திருக்க வேண்டும். தலைமுறைகள் மறந்த அதை அவன் தேடிக் கண்டிருக்கிறான். நெஞ்சளவு நீரில் படை வந்தால் அம்புக்கு இரை. இரண்டு முழம் இறங்கினாலோ, குதிரைகளே பாய்ந்து வந்துவிடும்.

ஒரு வீரன் வில்லை வளைத்தான். "அம்பு எட்டும் தூரம்தான், அம்மணி. உத்தரவு கொடுங்கள்."

எயினி அவன் கையைத் தாழ்த்தினாள்.

"வேண்டாம். பாதையைக் காட்டிக்கொண்டே போகிறார், போகட்டும். எங்கே வளைகிறது என்று தெரிந்தால் நாளைக்கே நம் ஆட்கள் அதை நாலு இடத்தில் பெயர்த்துவிடுவார்கள். நீ அடிகளை எண்ணு."

வெற்றோலையை மடியில் வைத்து எழுத்தாணியை எடுத்தாள். வீரன் எண்ணிச் சொல்லச் சொல்ல எழுதினாள். நாற்பதாம் அடியில் இடப்புறம் வளைவு. தொண்ணூறில் நேர்ப்போக்கு. அவள் கண்ணிலிருந்து விழுந்தது ஓலையை நனைத்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மேலே எழுதினாள்.

நூற்றிருபதாம் அடியில் அவன் நின்றான். முழுதாகத் திரும்பி, கரைமேலிருந்த அவளையே நெடுநேரம் பார்த்தான்.

எயினி அதையும் எழுதினாள்: 'இங்கே பாதை சற்று அகலம். ஒருவன் நின்று திரும்ப இடமுண்டு.'