வலது பக்கத்து டிரே

தேவானந்தம் அந்த மணியைத் தட்டியது வெறும் ஆசைக்குத்தான். கூப்பிட்ட குரலுக்கு வர வீட்டில் யார் இருக்கிறார்கள்? மீசை முளைத்த நாளிலிருந்து கோட்டைப் பக்கம் குமாஸ்தா வேலை பார்த்து, ஆபீசர் மணி கேட்டதும் பாதி டீயை வைத்துவிட்டு ஓடியே தேய்ந்த மனுஷன், தன் வீட்டு மேசையில் தானும் ஒரு தரம் தட்டிப் பார்க்கட்டுமே. டிங். ஓசை அடங்குவதற்குள் பித்தளை பாலிஷின் நெடியும், நனைந்து காயாத காக்கித் துணியின் புழுங்கல் வாடையும் அறைக்குள் வந்தன. மழைக்காலம், துவைத்தது எதுவும் காயவில்லை என்று நினைத்துக்கொண்டார். வலது பக்கத்து டிரேயில் மடித்து வைத்திருந்த அன்றைய பேப்பரை மட்டும் அப்புறம் காணவில்லை.

மேசை சாமான்களை அவர் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் வாங்கினார், அதற்காகவே லீவு போட்டு. பித்தளைத் தாங்கியில் இரண்டு கண்ணாடி மைக்கூடு, மையை ஒற்றியெடுக்க பிறைச் சந்திரன் மாதிரி ஆடுகிற ஒற்றுக்கட்டை, சிங்கமுகப் பேப்பர் வெயிட், தட்டுகிற மணி, தேக்கு மரத்தில் இரண்டு டிரே. மணியை மட்டும் முதலில் கேட்டுப் பார்த்தார். பழைய சாமான் கடைக்காரர் சேட்டு மசியவில்லை.

"தொரை ஊருக்குப் போகசொல்ல வுட்டுட்டுப் போன சாமான் சார். மணியும் டிரேவும் ஒண்ணாவே இருக்கணும். பிரிச்சுக் குடுக்க மாட்டேன்." பிறகு கயிறு கட்டிக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "வந்தவன நிக்க வெச்சே வுட்ராத சார்."

"யாரு வருவாங்க?"

"பழைய சாமான் சார். யாரு கண்டா?"

தாம்பரம் வீட்டில் ஜன்னலோரமாய் மேசையைத் திருப்பிப் போட்டு, பச்சைத் துணி விரித்து, ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்து வைத்தார். "கலெக்டர் தொரை காபிய இங்கயே சாப்பிடுவாரா?" என்றாள் மனைவி ரத்தினபாய். கிண்டல்தான். ஆனாலும் மனசுக்குள் அவருக்கு இனித்தது.

மகள் கிருபாவுக்கு ஆறு வயது. நாற்காலியில் ஏறி அமர்ந்து, "நான்தான் ஆபீசர், நீ குமாஸ்தா" என்பாள். ஆபீஸ் நடைமுறையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். வருகிற பேப்பர் இடது டிரே, போகிற பேப்பர் வலது டிரே. மணி தட்டினால் தோளில் சிவப்பு டவாலிப் பட்டை போட்ட ப்யூன் வருவான், வலது டிரேயில் இருப்பதை எடுப்பான், மேசைக்கு ஒரு எட்டு தள்ளி கைகட்டி நிற்பான். 'போகலாம்' என்று ஆபீசர் சொன்னாலோ, நாற்காலியை விட்டு எழுந்தாலோதான் நகர்வான். எடுத்துப் போனது வீணாகாது. காகிதத்தின் காதோரம் ஓட்டை போட்டு, சிவப்புக் கயிற்று டேக் கோத்து, மறுநாள் இடது டிரேயில் வந்து சேரும்.

மணியைத் தட்டிப் பார்த்த மறுநாள் சாயங்காலம் அவர் வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தபோது உள்ளே மணி கேட்டது. அப்புறம் கிருபாவின் அழுகை. ரப்பர் பொம்மையை வலது டிரேயில் வைத்தாளாம், காணோமாம். மேசைக்கடியில் தேடினார், ஜன்னலுக்கு வெளியே சேற்றில் தேடினார். அறைக்குள் அதே பாலிஷ் நெடி. மேசைக்கு ஒரு எட்டு தள்ளி, தரையில் ஈரமாய் இரண்டு பாதத் தடம், பெரியவை, பக்கத்தில் பக்கத்தில். காலாலேயே அதைத் தேய்த்து அழித்துவிட்டு, "அழாதேடா கண்ணு. டிரேல போனது திரும்பி வரும்" என்றார்.

வந்தது. அடுத்த நாள் அவர் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது கிருபா வாசலுக்கே ஓடி வந்தாள். பொம்மையின் காதில் வட்டமாக ஓர் ஓட்டை. அதில் சிவப்பு டேக், முனைத் தகரம் மினுங்க, முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

"அப்பா, பாப்பாக்குக் காது குத்திட்டாங்க."

ரத்தினபாயின் முகம் கடுத்தது. அவள் பிறந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் நகை போடுவதில்லை, காது குத்துவதில்லை. சபைக் கட்டுப்பாடு அப்படி. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளின் கம்மலையும் ஜிமிக்கியையும் பார்த்துவிட்டு வந்து கிருபா கண்ணாடி முன்னால் காது மடலைக் கிள்ளிக்கொண்டு நிற்பதை இருவரும் பார்த்திருக்கிறார்கள்.

"உங்க வேலையா இது? பிள்ளைக்கு ஆசை காட்டுறீங்களா?"

இல்லை என்று சொன்னால், வேறு யார் என்று கேட்பாள். ஊர் சிரிக்கும். மணியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டார். வெள்ளிக்கிழமை வரட்டும், சேட்டிடமே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். டிரே இரண்டையும் அப்படியே விட்டுவிட்டார். மேசையைக் காலி பண்ண மனசு வரவில்லை. பாழாய்ப்போன மனசு.

புதன்கிழமை ரத்தினபாய் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பொழுது சாயும் நேரம், மழை ஓட்டுக்கூரை மேல் ஒரே சீராய் இரைந்துகொண்டிருந்தது. கிருபா ஸ்பூன் போட்ட பால் டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேசை முன்னால் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். என்ன படம் என்று எட்டிப் பார்த்தார். ரெட்டைச் சடை, கவுன், இரண்டு காதிலும் பெரிதாய் வட்டம் வட்டமாய்க் கம்மல். "இது நான்" என்றாள். சிரித்துக்கொண்டே நகர்ந்தார். அப்போது கரண்ட் போனது. "அசையாம உக்காரு, அப்பா விளக்கு கொண்டாறேன்" என்று சமையலறைக்குள் போய், நமுத்துப்போன தீக்குச்சியை உரசிக்கொண்டிருந்தார்.

டிங்.

மணி இல்லை. மணி பூட்டுக்குள் இருக்கிறது. இது டம்ளரில் ஸ்பூன் படும் சத்தம்.

"கிருபா, வேணாம்மா."

பாலிஷ் நெடி. ஈரக் காக்கி. கூடத்தில் வெறுங்கால் நடக்கும் சத்தம். வரும்போது ஒரு ஜோடிக் கால். போகும்போது இரண்டு ஜோடி.

ஓடினார். நாற்காலி காலி. 'இது நான்' என்ற அந்தப் படத்தை வைத்துத்தான் தட்டியிருக்கிறாள்; வலது டிரே காலி. டம்ளருக்குள் ஸ்பூன் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு தெருவே பெட்ரோமாக்ஸ் விளக்கோடு தேடியது. பீர்க்கன்கரணை ஏரிக்கரை வரை போய்க் கூப்பிட்டார்கள். போலீஸ்காரர் வந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். தெரிந்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்லி என்ன? ரத்தினபாய் அவர் சட்டையைப் பிடித்து, "உங்க கிட்டதானேய்யா விட்டுட்டுப் போனேன்" என்று கதறினாள். விடிந்ததும் அவள் சபைக்குப் போய் முழங்காலில் விழுந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை.

அவர் மேசை முன்னால் உட்கார்ந்தார். டிரேயில் போனது திரும்பி வரும். மறுநாள் வரும். பொம்மை வந்ததே. பகல் முழுக்க இடது டிரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கவில்லை. ஆண்டவரே, எந்தக் கோலத்திலாவது கொண்டுவந்து விடும் என்று வேண்டினார். வேண்டி முடித்ததும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தார்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. டிரே காலியாகவே இருந்தது. பொறுக்க முடியவில்லை. முடிச்சை அவிழ்த்தார். அலமாரியைத் திறந்தார். மணியை மேசையில் வைத்து, உட்கார்ந்து, தட்டினார்.

நெடி வந்தது.

கால் சத்தமும் வந்தது. சின்னக் கால்.

மேசைக்கு ஒரு எட்டு தள்ளி வந்து நின்றது. கிருபா. அதே கவுன். தோளில் சிவப்பு டவாலி, பெரிய ஆளுக்குத் தைத்தது, முனை தரையில் புரண்டு தண்ணீர் சொட்டியது. கைகட்டி, தலை குனிந்திருந்தாள். குத்தாத காதில் வட்டமாக ஓர் ஓட்டை. அதில் சிவப்பு டேக்.

"கிருபா. நான்தாண்டா கண்ணு, அப்பா."

நிமிரவில்லை. உத்தரவுக்குக் காத்திருந்தாள்.

அள்ளி எடுக்க எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டதும் அவள் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தாள். தொப்பென்று உட்கார்ந்தார். அவள் நின்றாள். திரும்பி வந்தாள். கைகட்டினாள்.

அவருக்குப் புரிந்தது. உட்கார்ந்திருக்கும் வரை இருப்பாள். எழுந்தால் போய்விடுவாள். கை நீட்டினார். விரல் நுனிக்கும் அவள் கவுனுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. எட்டவில்லை.

கேட் திறக்கும் ஓசை. ரத்தினபாய். உள்ளே வந்தாள். மகள் நிற்கும் இடத்தைத் தாண்டியே வந்தாள். பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

"இருட்டுல இந்தச் சனியன் புடிச்ச மேசைலயே உக்காந்திருக்கீங்களே. பாஸ்டர் வந்திருக்காரு. எந்திரிங்க." அவர் கையைப் பிடித்தாள்.

"வேணாம் ரத்தினம். கையை விடு."

"எந்திரிங்கன்னு சொல்றேன்ல." அழுதுகொண்டே இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். வாசலில் பாஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவரும் உதவிக்கு வந்து மறு தோளைப் பிடித்தார்.

தேவானந்தம் மேசை விளிம்பை இறுகப் பற்றினார். பச்சைத் துணி வழுக்கியது. மைக்கூடு சாய்ந்தது. கிருபா கைகட்டை அவிழ்த்தாள். அவளுடைய ஒரு கால் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.