நாச்சியம்மாள் தோட்டத்துக் கிணறு

"ஏனுங்க, எங்க கெணத்துத் தண்ணியக் குடிச்சு ஆடெல்லாம் செத்துப்போச்சுங்க. வரப்புத் தகராறுல கீழ்த்தோட்டத்துத் திருமூர்த்திதான் மருந்து கலந்துபோட்டானுங்க."

சூலூரிலிருந்து வந்த நாச்சியம்மாள் நின்றபடியே சொன்னார். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் வரதராஜுலு நிதானமாகக் கேட்டுக்கொண்டார். துப்புத் துலக்குவதில் அவருக்குத் துணையான ஜாஹிதா அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள். வரப்புத் தகராறு, செத்த ஆடுகள், எதிரி யாரென்றும் தெரியும். இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று எண்ணினாள்.

கிணறு சரிவின் நடுவில் இருந்தது. கீழே திருமூர்த்தியின் வீடு. மேட்டில் நாச்சியம்மாளின் மகன் அருள்குமாரின் கொட்டகை. கோவை அலுவலகங்கள் கழித்துப்போடும் கம்ப்யூட்டர்களை அவன் வாங்கிவந்தான்.

"எல்லாத்தையும் பாதுகாப்பா அழிச்சுக் குடுக்கறேனுங்க" என்றான். அவன் விரல் நுனிகள் மஞ்சளாயிருந்தன. ஜாஹிதா பார்ப்பதைக் கவனித்து, "ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போயிருந்தேனுங்க" என்றான்.

ஜாஹிதா கிணற்று வாளியைத் தூக்கினாள். "சார், இரும்பு வாளிதான். அடிப்பக்கம் மட்டும் செம்பு நிறமா இருக்கு."

வரதராஜுலு அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு திருமூர்த்தியையும் வரவழைத்து, ஊர்க்குழாயிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். அருள்குமாரின் விரல்களை மட்டும் உற்றுப் பார்த்தார்.

"மஞ்சள் கறையில சோப்பு பட்டா செவந்துபோகும். நாச்சியம்மா, உங்களுக்கே தெரியும். இது செவக்கல, போகவும் இல்ல. இது திராவகம் பட்ட கறை. தங்கம் பிரிக்க கம்ப்யூட்டர் அட்டைகளை அதுல ஊறவெச்சா செம்பும் கரையும். செம்பு கரைஞ்ச தண்ணியில இரும்பு கெடந்தா அது மேல செம்பு படியும். வாளி சொல்றது அதைத்தான். கீழ இருக்கிற திருமூர்த்தி எதை ஊத்தினாலும் மேட்டுக்கு ஏறாது. மிச்சத்தை எங்க ஊத்தினே அருள்குமாரு?"

"கொட்டகைக்குப் பின்னால வத்துன போர்வெல் குழியிலங்க." அவன் தலை நிமிரவில்லை. "ஈயம் கீயமெல்லாம் அதுலதானுங்க. நான் இந்தத் தொழில விட்டா அன்னூர்ல ஒருத்தன் எடுத்துக்குவான். எங்க கொண்டுபோய்ப் போடறேன்னு ஒரு ஆபீஸ்லயும் கேட்டதில்லீங்க."

நாச்சியம்மாள் மகனைப் பார்க்கவில்லை. "தண்ணி எப்பங்க நல்லாகும்?"

வரதராஜுலு வாளியைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தார். கேள்விப்பட்டதிலேயே எளிதான வழக்கு, அதில் மீட்க ஒன்றுமில்லை என்று ஜாஹிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

 சரிவை வெறித்த திருமூர்த்தி மெல்லக் கேட்டார்: "எங்க கெணத்துக்கும் இதே ஊத்துதானுங்களே?"

வரதராஜுலு ஆமென்று தலையசைத்தார்.

"ஊட்டுல அந்தத் தண்ணியிலதான் உலை வெச்சிருப்பாங்க" என்றபடி திருமூர்த்தி கீழே ஓடத் தொடங்கினார்.