ஜெசிந்தா வாய் திறக்காத எட்டு மாதம்

மூன்றாவது தோசையைத் தட்டில் வாங்கிக்கொண்டு, தேங்காய்ச் சட்னி கேட்பது போலத்தான் பவுலின் அந்தச் செய்தியைச் சொன்னாள்.

“வர்ற திங்கள்ல இருந்து நோராவை பிரேசர் டவுன் டே கேர்ல விடறோம். காலையில எட்டுல இருந்து சாயந்தரம் ஆறு வரைக்கும். நான் பேசி முடிச்சாச்சு.”

ஜெசிந்தாவின் கை தோசைக்கல்லின் மேல் அப்படியே நின்றது. நோராவுக்கு இரண்டு வயது இரண்டு மாதம்தான் ஆகிறது. பிறந்ததிலிருந்து ஒரு பகல்கூட அம்மாவை விட்டு இருந்ததில்லை.

“என்ன அண்ணி திடீர்னு... நான்தான் வீட்டுல இருக்கேனே?”

“இருந்து? உன்கிட்ட விட்டா பிள்ளை ஊமையாத்தான் நிக்கும்! நாள் முழுக்க உம்முனு உட்கார்ந்திருந்தா அதுக்குப் பேச்சு எங்க இருந்து வரும்... சுவத்துல இருந்தா?”

ஜெசிந்தா கணவனைப் பார்த்தாள். கிளெமென்ட் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். அக்காவும் மனைவியும் மோதும்போதெல்லாம் அவனுக்கு லேஸ் அவிழ்ந்துவிடும்.

“டே கேர்ல ஸ்பீச் டாக்டர் ரிப்போர்ட் கேக்கறாங்க, ஜெசி,” என்றான் தரையைப் பார்த்தபடியே. “இன்னிக்குப் பதினொரு மணிக்கு அப்பாயின்ட்மென்ட். நானும் அக்காவும் பர்மிஷன் போட்டிருக்கோம்.”

ஆக, எல்லாம் முடிவாகிவிட்டது. அவளுக்குத் தகவல் சொல்வது மட்டும்தான் பாக்கி இருந்திருக்கிறது!

மேஜைக்கு அடியில் உட்கார்ந்து டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்த நோரா, தண்ணீர்ச் செம்பைக் கை காட்டி “ம்... ம்...” என்றாள். ‘தண்ணியா வேணும் என் தங்கத்துக்கு?’ என்று ஜெசிந்தாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, “வாட்டர்?” என்றாள். நோரா தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி மூடிகளிடம் போய்விட்டாள்.

பவுலினைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் ஜெசிந்தாவே சண்டைக்குப் போவாள். அப்பா அம்மா இருவரும் போனபோது கிளெமென்ட்டுக்குப் பத்து வயது. தேடி வந்த இரண்டு வரன்களையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஒரு பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து தம்பியை ஆளாக்கியவள் அவள். விவேக் நகரில் இந்த மாடி வீடும் அவள் உழைப்புதான். அவள் சொல்லுக்கு இந்த வீட்டில் மறு சொல் கிடையாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தச் சட்டத்தைப் போட்டதும் அவள்தான். “இனிமே பிள்ளைகிட்ட இங்கிலீஷ் மட்டும்தான். ரெண்டு மூணு பாஷை காதுல விழுந்தா குழம்பிடும். அட்மிஷன் அன்னிக்கு வாயைத் திறக்காம நின்னா அவ்வளவுதான்... வெளியே அனுப்பிடுவாங்க. நான் தினம் பாக்கறேன்.”

கிளெமென்ட் தலையாட்டினான். ஜெசிந்தாவும் தலையாட்டினாள். அவள் கிருஷ்ணகிரி பக்கத்து அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். கல்யாணமான புதிதில் ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போய், கேட்ட கேள்வி புரியாமல் விழித்தபோது எதிரே இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு தன் பெண்ணுக்கு வேண்டாம் என்று நினைத்தாள்.

அந்தச் சட்டத்தை வீட்டில் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அவள் ஒருத்திதான். பவுலின் போனில் தமிழில்தான் வம்பளந்தாள். கிளெமென்ட் கிரிக்கெட் பார்த்துத் தமிழில்தான் கத்தினான். ஆனால் அவர்கள் இருவரும் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவளுக்குத்தான் இங்கிலீஷ் வராது என்பதை மூன்று பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை!

பிறகு நாட்கள் போகப் போக அவள் நோராவை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட ஆரம்பித்தாள். கீழ் வீட்டு ரக்ஷா, நோராவைவிட ஒரு மாதம் சின்னவள், படியேறி வந்து “ஆன்ட்டி, நோரா எல்லி?” என்று, எங்கே என்பதைக் கன்னடத்தில் கேட்பாள். உள்ளே விளையாடுகிறாள் என்று சைகை காட்டினால், “பால் குடிச்சாளா?” என்று தமிழுக்குத் தாவுவாள். அந்தக் குழந்தை வாயைத் திறக்கும்போதெல்லாம் ஜெசிந்தா தன் பிள்ளையின் உதடுகளைப் பார்ப்பாள். ஒன்றும் வராது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது, வியாழக்கிழமை என்பதால் சர்ச்சுக்கு வந்த கூட்டத்தில் எந்த ஆட்டோவும் தெருவுக்குள் வரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார்கள். வழி முழுக்க பவுலின் விடவில்லை.

“உங்க பெரியம்மா மகன் ஒருத்தன் பேச மாட்டானே... அது பரம்பரையா வர்றதா என்ன?”

“அக்கா... ரோட்டுல எதுக்கு?” என்றான் கிளெமென்ட்.

“டாக்டர் கேட்டா சொல்லணுமில்லப்பா!”

ஜெசிந்தா பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை காலை எட்டு மணி எப்படி இருக்கும் என்பதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளைக்குப் பசித்தால் அங்கே யாருக்குத் தெரியும்? பேசத் தெரியாத பிள்ளை எப்படிக் கேட்கும்?

மருத்துவமனையில் முதலில் காதைச் சோதித்தார்கள். குறையில்லை. பிறகு பேச்சுப் பயிற்சி தரும் உஷா என்ற அம்மாள், தரையில் பாய் விரித்து பொம்மைப் பாத்திரங்களைப் பரப்பினார்.

“நீங்க வீட்டுல எப்படி விளையாடுவீங்களோ அப்படியே விளையாடுங்கம்மா. நான் சும்மா பாக்கறேன்.”

ஜெசிந்தா பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள். “நோரா... கம். டேக். திஸ்... கப். குட் கேர்ள்.” அவ்வளவுதான். அதற்குமேல் அவளிடம் சரக்கு இல்லை. நோரா கோப்பைக்குள் ஸ்பூனை விட்டுக் கலக்கினாள். அறையில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“பாத்தீங்களா டாக்டர்?” என்றாள் பவுலின் பின்னாலிருந்து. “இப்படித்தான்! பெத்த பிள்ளைகிட்ட பேசறதுக்கு இவளுக்கு வாய் வராது!”

உஷா, ஜெசிந்தா கொடுத்திருந்த நோராவின் தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார். ‘பூ, காக்கா, தா, மம்மு...’ என்று தேதி போட்டுப் பதினொரு சொற்கள் எழுதியிருந்தன.

“இது நீங்க எழுதினதா? எட்டு மாசம் முன்னாடி பதினொரு வார்த்தை சொல்லியிருக்கா. அப்புறம் ஏன் ஒண்ணும் எழுதல?”

“எழுத என்ன இருக்கு டாக்டர்?”

ஜெசிந்தாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

“இங்கிலீஷ்ல மட்டும் பேசுன்னாங்க, பேசினேன். எனக்குத் தெரிஞ்சதே மொத்தம் முப்பது வார்த்தை... அதுக்கு மேல நான் எங்க போவேன்? காக்கா வந்து ஜன்னல்ல உட்காருது, இவ கை காட்டறா. ‘பாருடி, மூக்குல என்னத்தையோ தூக்கிட்டுப் போகுது, அதுக்கும் கூட்டுல பாப்பா இருக்கும்டி’ன்னு சொல்லணும்னு நெஞ்சு முட்டுது! ‘க்ரோ’ன்னு ஒரு வார்த்தையோட நிறுத்திக்குவேன். போன மாசம் காய்ச்சல்ல துவண்டு கிடந்தாளே... அப்போகூட ‘ஸ்லீப், ஸ்லீப்’னு தட்டினேனே தவிர, ‘என் கண்ணே, உனக்கு ஒண்ணும் இல்லடா, அம்மா இருக்கேன்’னு வாய் விட்டுச் சொல்லல. மனசுக்குள்ளதான் சொன்னேன். இவங்க வீட்டுல இல்லாதப்பவும் நான் ஏமாத்தல டாக்டர்... ஒரு நாள்கூட ஏமாத்தல! நான் ஏமாத்தினா நாளைக்கு என் பிள்ளைதான் ஸ்கூல் வாசல்ல நிக்கும்னு சொன்னாங்க. அதுக்காக வாயை மூடிக்கிட்டேன். இப்போ... பேசாதவன்னு என்கிட்ட இருந்தே பிள்ளையைப் பிரிக்கறாங்க!”

கிளெமென்ட் எழுந்து வந்தான். உஷா கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

“ஜெசிந்தா, அழுங்க, பரவாயில்ல. ஆனா பிள்ளை என்ன பண்றான்னு கொஞ்சம் பாருங்க.”

நோரா கோப்பையையும் ஸ்பூனையும் விட்டுவிட்டு வந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக ஒரு விரலை நீட்டி, ஜெசிந்தாவின் கீழ் உதட்டைத் தொட்டு இழுத்தாள். இன்னும் வேண்டும் என்று கேட்பது போல இருந்தது.

“காரணம் இது ஒண்ணுதான்னு இன்னிக்கே நான் சொல்ல மாட்டேன்,” என்றார் உஷா. “மாசாமாசம் வாங்க, பாக்கலாம். ஆனா ரெண்டு மூணு பாஷை காதுல விழுந்து எந்தப் பிள்ளையும் கெட்டுப் போகாது. இப்போ என்கிட்ட மூச்சு விடாம கொட்டினீங்களே, அந்தப் பேச்சுதான் இவளுக்கு வேணும். அதை வேற யாரும் தர முடியாது.”

கிளெமென்ட் மனைவிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தான். “நான் ஒரு நாளாவது கேட்டிருக்கணும் ஜெசி... நீ ஏன் பேச மாட்டேங்கிறேன்னு கேக்கவே இல்லையே நான்!”

பவுலின் அறையில் இல்லை.

தாழ்வாரத்தின் கோடியில், முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு அவள் அழுவதை, நோராவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்த ஜெசிந்தா கண்டாள். இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் கண்ணீரை அவள் பார்த்ததே இல்லை.

“இருபத்திரெண்டு வருஷமா பாக்கறேன் ஜெசி... அட்மிஷன் அன்னிக்கு பெஞ்சுல உட்கார்ந்து அழற அம்மாங்களுக்கு நான்தான் தண்ணி எடுத்துக் குடுப்பேன். நம்ம வீட்டுல அது நடக்கக் கூடாதுன்னு நினைச்சேன். நினைச்சு... உன் வாயை அடைச்சுட்டேனே! பாவி நான், உனக்குத்தான் வாய் வராதுன்னும் சொன்னேனே! ஒரு தடவையாவது என்னை எதிர்த்து சண்டை போட்டிருக்கக் கூடாதா நீ?”

“உங்ககூட எப்படி அண்ணி...” என்றவள் முடிக்கவில்லை. பவுலின் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நடுவில் நசுங்கிய நோரா இருவரையும் தள்ளிவிட்டு இறங்கி நின்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பவுலின் போனை எடுத்தாள். “டே கேர்காரிக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்.”

“வேண்டாம்னு சொல்லாதீங்க அண்ணி.” ஜெசிந்தா நிதானமாகச் சொன்னாள். “காலையில ரெண்டு மணி நேரம் போகட்டும். இங்கிலீஷும் வேணும்தானே? ஆனா என்கிட்ட இருக்கற நேரம் எனக்கு வர்ற பேச்சைத்தான் பேசுவேன். அதை யாரும் தடுக்கக் கூடாது.”

பவுலின் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் இன்னொருவர் சொல்லுக்குத் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. முதல் இரண்டு நாள் ஜெசிந்தாவுக்கே நாக்கு தடுமாறியது. பிறகு மடை திறந்துகொண்டது. வெங்காயம் உரித்தால் பேச்சு, துணி காயப்போட்டால் பேச்சு, பால் பொங்கி வழிந்தால் பாலுக்கும் திட்டு! மூன்று வாரம் நோரா கேட்டுக்கொண்டே இருந்தாளே தவிர, புதிதாக ஒரு சொல் வரவில்லை. கிளெமென்ட் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் போன் செய்து “ஏதாச்சும் சொன்னாளா?” என்பான். “இல்லைங்க” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா மறுபடி பிள்ளையிடம் பேசப் போவாள்.

நான்காவது வாரம் ஒரு சனிக்கிழமை. பவுலின் அரை நாள் வேலை முடிந்து படியேறி வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கூடத்தில் துணிப் பொம்மையைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, நோரா அதற்கு எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் குரல் ஏறுகிறது, இறங்குகிறது, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறது, ஒற்றை விரலை ஆட்டி மறுபடி தொடங்குகிறது... அச்சு அசலாக ஜெசிந்தாவின் ராகம்! சமையலறை வாசலில் ஜெசிந்தா கரண்டியோடு சிலையாக நின்றிருந்தாள்.

“என்ன... என்ன சொல்றா?” என்றாள் பவுலின்.

“தெரியல அண்ணி.”

“யாரையோ திட்டறா போல இருக்கே?”

சத்தம் கேட்டு நோரா திரும்பினாள். அத்தையைக் கண்டதும் பொம்மையை விட்டுவிட்டு அவள் எதிரே வந்து நின்று, அதே விரலை அவள் முகத்துக்கு நேராக நீட்டி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

“நோரா... அத்தையை அப்படி...” என்று ஜெசிந்தா பதறி முன்னால் வந்தாள்.

பவுலின் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு, குழந்தையின் உயரத்துக்குத் தரையில் மண்டியிட்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

“நிறுத்தாதே ஜெசி... திட்டட்டும். எட்டு மாசத்து பாக்கி இருக்கு, நல்லா திட்டட்டும்!”