மரத்துக்கு ஒரு சிவப்புப் பாவாடை

துணிக்கடையில் அந்தச் சிவப்புக் கம்பளித் துணியின் ஒரு முனை மார்லிஸின் கையில் இருந்தது. மறுமுனையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள். உயரமான ஒருவன். கண்ணிமையில் இன்னும் உருகாத பனி... அதற்குக் கீழே சாம்பல் நிறக் கண்கள். மினசோட்டாவில் டிசம்பர் மாதம் எல்லார் இமையிலும்தான் பனி ஒட்டுகிறது. இவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பொருந்துகிறது... என்று ஒரு கணம் நினைத்துவிட்டுத் தன்மீதே எரிச்சலானாள்.

அந்தச் சிவப்பில் வேறு துணி இல்லை என்று கடைக்காரம்மா கைவிரித்துவிட்டாள். இது சர்ச்சில் வைக்கும் கிறிஸ்துமஸ் மரத்துக்கு, அடியில் சுற்றிப் போடும் பாவாடை தைப்பதற்கு என்று மார்லிஸ் விறைப்பாகச் சொன்னாள். ஆண்டுக்கொரு பெண்ணிடம் அந்தப் பொறுப்பு வரும். இந்த ஆண்டு அவள் முறை. லேசான காரியமா அது? ஊரே எதிரில் உட்கார்ந்து பார்க்கும். பிறகு காப்பிக் கோப்பையோடு ஒவ்வொரு தையலையும் அலசும். சந்தைப் போட்டியில் தையலுக்கு முதல் பரிசான நீல நாடா வாங்கியவள் மார்லிஸ். கொஞ்சம் தலைக்கனம் என்று ஊரில் பேச்சு. அதையும் அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

தனக்கும் மரத்துக்குத்தான், வீட்டு மரத்துக்கு என்றான் அவன்.

"யார் தைக்கப் போறது?"

"நான்தான்."

மார்லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல ஊசியில நூல் கோக்கத் தெரியுமா உங்களுக்கு?"

அவன் கோபப்படவில்லை. துணியை விட்டுவிட்டான். "எடுத்துக்கங்க."

"எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம்."

"விட்டுக்கொடுக்கலைங்க. தோத்துட்டேன்," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

நன்றி சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

அவன் பெயர் ஆர்லன், ஏரிக்கு அப்பால் கிறிஸ்துமஸ் மரத்தோட்டம் வாங்கி வந்திருக்கிறான் என்று கடைக்காரம்மா கேட்காமலே சொன்னாள். யார் கேட்டார்கள்... என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பெயரை மட்டும் மனம் பத்திரமாக வைத்துக்கொண்டது.

வீட்டில் துணியை நாலாக மடித்தாள். மடிப்பு மூலையில் நூலைப் பிடித்து, மறுமுனையில் சுண்ணக்கட்டி கட்டி, வளைவாகக் கோடு இழுத்து வெட்டினாள். விரித்தால் முழு நிலா மாதிரி வட்டம். நடுவில் மரத்தண்டுக்கு ஒரு துளை. விளிம்பு நெடுகிலும் வெள்ளைத் துணியில் மான்கள், ஒன்றன் பின் ஒன்றாக. ஒவ்வொரு மானாகத் தைக்கும்போதும் அந்த ஒரே சொல்தான் காதில் கேட்டது. தோத்துட்டேன்... இவ்வளவு சுலபமாக ஒரு மனிதனால் அதைச் சொல்ல முடியுமா? அவள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மானுக்குக் கண் தைக்க எடுத்த நூல் சாம்பல் நிறம் என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை சர்ச்சுக்கு வேண்டுமென்றேதான் தாமதமாகப் போனாள். எல்லோரும் வந்திருக்க வேண்டுமே. மரத்தை இரும்புத் தாங்கியில் நிறுத்தியாயிற்று, கண்ணாடி உருண்டைகள் தொங்கவிட்டாயிற்று. மரத்தின் அருகில் ஆர்லன். அவன் தோட்டத்து மரம் அது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பாவாடையை உதறி விரித்தாள். பெண்கள் மான்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வயதான லண்டீன் அம்மா மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"திறப்பு எங்கம்மா?"

விளிம்பிலிருந்து நடுத்துளை வரை ஒரு வெட்டு இருக்க வேண்டும். அதைப் பிரித்துத்தான் நிற்கிற மரத்தைச் சுற்றிப் போட முடியும். சின்னப் பிள்ளைகூட மறக்காத விஷயம். மார்லிஸ் மறந்திருந்தாள்.

"வேணும்னுதான் விட்டேன்," என்றாள் சட்டென்று. "மான் வரிசை நடுவுல அறுபடக் கூடாது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்லன் இப்போது சிரிக்கப் போகிறான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவனோ நியாயந்தானே என்று சொல்லிவிட்டு, தாங்கியின் திருகுகளைத் தளர்த்தி, மரத்தை அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கினான். உருண்டைகள் கலகலத்தன. அவள் மண்டியிட்டுப் பாவாடையைத் தாங்கியின்மேல் விரித்தாள்.

கிளைகளுக்குள்ளிருந்து மெல்லிய குரல். "நிஜமாவே வேணும்னுதானா?"

"ஆமா."

"சரி. அவசரமில்லை. மெதுவாப் பண்ணுங்க."

அவன் கன்னத்தில் ஊசி இலைகள் கீறியிருந்தன. தன் பொய்யை இவன் தூக்கிக்கொண்டு நிற்கிறான்... ஒரு வார்த்தை கேலி செய்யாமல்.

மரம் துளைக்குள் இறங்கித் தாங்கியில் நின்றது. அவன் பாவாடைக்கு அடியில் கைவிட்டுத் திருகுகளை இறுக்கி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நான் சொன்னது பொய், லண்டீன் அம்மா. திறப்பு வைக்க மறந்துட்டேன்."

"நீயா? நீ எப்படிம்மா மறப்பே?"

"இவரையே நினைச்சுக்கிட்டுத் தைச்சேன். அதனாலதான்."

நீல நாடா வாங்கிய செய்தியை ஊருக்குச் சொன்ன அதே குரல். தலை குனியவில்லை, கண் தாழவில்லை. காது மடல்வரை சிவந்துபோனது ஆர்லனுக்குத்தான்.

"இன்னொரு தடவை சொல்றீங்களா..." என்றான், குரல் எழும்பாமல்.

"காது கேக்கலையா? உங்களைத்தான் நினைச்சேன்," என்றாள் மார்லிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னும் நினைக்கிறேன்."