ஈரச் சுவரில் ஒட்டிய பெயர்

பழைய பொத்தான் கடையின் ஷட்டரைப் பெயிண்டர் தூக்கியதும் முதலில் வெளியே வந்தது அந்துருண்டை வாசனை. அதன் பின்னாலேயே, வெகு நாள் பூட்டிக் கிடந்த அறைகளுக்கே உரிய ஈர வாசனை. தெருவில் நல்ல வெயில். கண்ணாடி முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் கடைக்குள் மட்டும் எந்நேரமும் அந்திபோல இருந்தது.

பெரியவளுக்கு அந்த மங்கல் பிடித்திருந்தது. கடைகளை வடிவமைப்பது அவள் தொழில். பல வருஷம் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து யார் யார் கடைக்கோ அலமாரியும் விளக்கும் வரைந்து கொடுத்தாள். பெயரை மேலே இருந்தவர்கள் தட்டிக்கொண்டு போனார்கள். போதும் என்று வெளியே வந்து சொந்தமாகப் பிடித்த முதல் வேலை இது. முன்பக்கம் உடைகளும் இசைத்தட்டுகளும், பின் அறையில் கண்காட்சி. உள்ளே வருகிறவர் கண்ணில் எடுத்த எடுப்பிலேயே சரக்கு படக் கூடாது, முதலில் ஒரு மூச்சு விட வேண்டும் என்று யோசித்து, வாசலை ஒட்டி வெறும் சுவராக விட்டிருந்தாள். அந்தச் சுவரில் தன் பெயர் வரும் என்பதும் அவள் யோசனையில் இருந்தது. வரைபடத்தில் மட்டும் அதைப் போடவில்லை.

வந்தது சின்னவளின் பெயர்.

சின்னவள் அவள் உடன்பிறந்த தங்கை. குளியலறையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கிதாரை மடியில் வைத்துப் பாடிப் பதிவு செய்தாள். எந்தக் கம்பெனியும் இல்லை, விளம்பரமும் இல்லை. அந்தப் பாட்டுகள் இப்போது எந்தக் காபிக் கடைக்குப் போனாலும் காதில் விழுந்தன. அடுத்து, பூட்டிய கடைகளுக்குள் கேட்கும் சத்தங்களைப் பதிந்து, நடுநடுவே தான் முனகிப் பாடி, இருட்டு அறையில் ஒலிக்கவிட்டு அதற்குக் கண்காட்சி என்று பெயர் வைத்தாள். ஜனங்கள் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். சிலர் அழுதார்களாம். பெரியவளும் ஒரு தடவை போய் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. நன்றாக இருந்ததே, அதனால்தான்.

கடை முதலாளி போனில் சொல்லிவிட்டார். பின் அறைத் திறப்பு விழா சின்னவளுடைய கண்காட்சியோடுதான். வாசல் சுவரில் சின்னவளின் பெயர் முழ உயரத்தில். அதற்கடியில், வடிவமைப்பு இன்னார் என்று சுண்டுவிரல் நகமளவு எழுத்தில் பெரியவள்.

பெயிண்டர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் ஈரம் போகல மேடம். ஸ்டிக்கர் எழுத்தை இப்ப ஒட்டினா நிக்காது. ரெண்டு நாள் விடுங்க."

அது அவளுக்குத் தெரியாதா? ஈரப் பெயிண்டில் ஒட்டிய எழுத்து முதலில் ஓரம் சுருளும், அப்புறம் ஒவ்வொன்றாக உதிரும். சரியாக விழா அன்று அரைகுறையாகத் தொங்கும். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள், பெயிண்டைத்தான் சொல்வார்கள்.

"பரவால்ல, ஒட்டுங்க," என்றாள்.

பெயிண்டர் தோளைக் குலுக்கிவிட்டு ஒட்டினார். நாலெழுத்துப் பெயர். மேல் தாளை உரித்தபோது கறுப்பாகப் பளிச்சென்று நின்றது. தன்னுடைய சின்ன எழுத்துகளை மட்டும் பிறகு ஒட்டலாம் என்று அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"முன் கண்ணாடியை என்ன பண்றது?" என்று கேட்டார் பெயிண்டர்.

பொத்தான் கடை நடத்தியவர்களின் பெயர்கள் அதில் தங்க வர்ணத்தில் இருந்தன. இரண்டு பெண் பெயர்கள், அக்கா தங்கை. முதல் பெயர் முழுதாக இருந்தது. இரண்டாவது இருந்த இடத்தில் கோடு கோடாகக் கீறல்.

"இது பிளேடு இல்ல மேடம்," பெயிண்டர் குரலைத் தாழ்த்தினார். "நகம். உள்பக்கமா நின்னு சுரண்டியிருக்காங்க. பக்கத்துக் கடைக்காரர் சொல்றாரு, ஜன்னல் அலங்காரம் எல்லாம் அக்காக்காரிதானாம். வர்றவங்க எல்லாம் தங்கச்சி எங்கேன்னுதான் கேப்பாங்களாம். அப்புறம் ஒருநாள் பேரு இப்படி ஆயிருச்சு. அதுக்கப்புறம் தங்கச்சியை யாரும் கேட்கவே இல்லையாம்."

"ஏன், எங்க போனாங்க?"

"அதான் மேடம். அவருக்கு அந்தப் பொண்ணோட முகமே ஞாபகம் வரலையாம். முழுசா சுரண்டிடலாமா?"

பழைய எழுத்தை வைத்தால் முழுசாக வை, எடுத்தால் முழுசாக எடு என்பது அவள் தொழிலில் பாலபாடம். ஆனால் கீறல் விழுந்த அந்தத் தங்க வர்ணம் அவள் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது. "அப்படியே இருக்கட்டும்," என்றாள்.

மத்தியானம் சின்னவள் வந்தாள், தோளில் கிதாரும் முகம் கொள்ளாத சிரிப்புமாக.

"அக்கா, கடை சும்மா அள்ளுது! இந்த வெறும் சுவர் இருக்கே, உள்ள வந்ததும் மூச்சு அப்படியே இறங்குதுக்கா. எப்படி யோசிச்சே?"

அவள் ஒருத்திதான் அதைக் கவனித்தாள். அதுவும் பெரியவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதற்குள் காபி கொண்டுவந்த பெண் சின்னவளை அடையாளம் கண்டு கூவிவிட்டு, போனைப் பெரியவளிடம் நீட்டினாள். "அக்கா, நீங்க கொஞ்சம் ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன்."

எடுத்துக் கொடுத்தாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். கூடப் பிறந்தவளுக்குக் கேட்கவா வேண்டும்?

சின்னவள் சுவரைப் பார்த்து முகம் சுளித்தாள். "என் பேரு இவ்ளோ பெருசா வேணாம்னு சொன்னேன்க்கா, முதலாளி கேட்கல. சரி இரு. உனக்கு ஒரு வேலை பண்ணி வெச்சிருக்கேன். திறக்கிற அன்னிக்குப் பாரு."

பின் அறையில் உட்கார்ந்து ஒலி சரிபார்த்தாள். வார்த்தை இல்லாத ஒரு மெட்டு, மேலே போய் மெதுவாக இறங்கியது. அலமாரிகளுக்கு நடுவில் நின்றபடி பெரியவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இவள் இல்லாமலே இருந்திருக்கலாம்.

அந்துருண்டை வாசனை சட்டென்று பக்கத்தில் அடித்தது.

திரும்பிப் பார்த்தாள். பொத்தான் கடையின் பழைய மர இழுப்பறைகள் சுவரோடு வரிசையாக இருந்தன. அழகுக்காக அவள் விட்டு வைத்தவை. அதில் ஒன்று விரலளவு திறந்திருந்தது.

மறுநாள் காலை சுவரில் முதல் எழுத்து இல்லை.

"நான்தான் சொன்னேனே மேடம்," என்றார் பெயிண்டர். விழுந்த எழுத்தைத் தரையில் தேடினார்கள். கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சின்னவள் போன் செய்தாள். குரல் தேய்ந்திருந்தது. "தொண்டை என்னமோ பண்ணுதுக்கா. பேசினா எனக்கே கேட்க மாட்டேங்குது."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். வெந்நீர் குடிக்கச் சொன்னாள். போனை வைத்த பிறகு, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த எழுத்து மத்தியானம் போனது. ஒலிபெருக்கியில் சின்னவளின் பாட்டைப் போட்டுப் பார்த்தாள். கிதார் வந்தது. குரல் வர வேண்டிய இடத்தில் கிதார் மட்டுமே வந்தது. வயரைப் பிடுங்கி மாட்டினாள். தன் போனில் போட்டாள். அதிலும் கிதார்தான்.

அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, சின்னவ அங்க வந்தாளா?"

"எந்தச் சின்னவ?"

"விளையாடாதேம்மா. தங்கச்சி."

அம்மா சிரித்தாள். "உனக்கு ஏதுடி தங்கச்சி? ஒத்தைப் பொண்ணா வளர்ந்துட்டோமேன்னு இப்ப ஏக்கமா? வேலை வேலைன்னு அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு."

அந்தக் குரலில் இருந்த வாஞ்சை முழுக்கத் தனக்கே என்பது பெரியவளுக்கு உறைத்தது. யாரோடும் பங்கு போடாத வாஞ்சை. சின்ன வயதிலிருந்து அவள் கேட்டது இதைத்தான்.

கிரீச்.

கண்ணாடிப் பக்கமிருந்து வந்தது சத்தம். பழுப்புத் தாளுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை.

கிரீச்.

இப்போது சுவரிலிருந்து.

மூன்றாவது எழுத்தின் ஓரம், யாரோ நகத்தைக் கொடுத்து நெம்புவது போல, மெதுவாக எழும்பியது. பெயிண்ட் எப்போதோ காய்ந்துவிட்டது. அவள் தொட்டுப் பார்த்தாள், சுவர் எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது. எழுத்து உரிந்தது. கீழே விழவில்லை. அவள் கண்ணெதிரே காற்றில் சுருண்டு, எங்கேயோ போய்விட்டது.

பின்னால் இழுப்பறை ஒன்று மூடிக்கொண்டது.

ஓடிப் போய் இழுத்தாள். உள்ளே மூன்று கறுப்பு எழுத்துகள், ஒன்றன்மேல் ஒன்றாக, அக்கறையாக அடுக்கியிருந்தன. அவற்றுக்கு அடியில் தங்க வர்ணப் பொருக்குகள். எழுத்துகளை அள்ளிக்கொண்டு வந்து சுவரில் அழுத்தினாள். பசை இல்லை. அழுத்திய கையை எடுத்ததும் சரிந்தன.

மிச்சம் ஒரே ஒரு எழுத்து. அதன் மேல் உள்ளங்கையை வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள்.

"வேண்டாம்," என்றாள். "விட்டுடு. அவ என் தங்கச்சி."

காதருகே அந்துருண்டை வாசனை. அதோடு ஒரு மூச்சு.

"நீதானே கேட்டே?"

குரலில் கோபம் இல்லை. ஒத்தாசை செய்கிறவள் போலக் கேட்டது.

உள்ளங்கைக்கும் சுவருக்கும் நடுவில் ஏதோ நுழையப் பார்த்தது. சன்னமாக, குளிர்ச்சியாக. நகங்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். இன்னொரு கையிலிருந்த போன் அடித்தது. முதலாளி. எடுத்தாள், சின்னவளைப் பற்றி அவராவது கேட்க மாட்டாரா என்று.

"உங்களைத்தான் தேடிட்டிருக்கேன்," என்றார் அவர். "திறப்பு விழாவே உங்களை வெச்சுத்தான். பத்திரிகைக்காரங்க உங்க படம்தான் கேட்கிறாங்க. அந்த வெறும் சுவர் இருக்கு பாருங்க, ஒரு மூச்சு விட இடம். எப்படிங்க யோசிச்சீங்க?"

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. நெஞ்சு குளிர்ந்தது. அந்த ஒரு நொடி, அவள் கேட்காமலே கை தளர்ந்தது.

கையை எடுத்துப் பார்த்தபோது சுவர் வெறும் சுவராக இருந்தது.

விழா அன்று காலை பழுப்புத் தாளைக் கிழித்து எடுத்தார்கள். தெருவில் கூட்டம், கேமரா, பூங்கொத்து. ரிப்பன் வெட்டும்வரை உள்ளே யாரையும் விடவில்லை. சின்னவளின் கண்காட்சி இருந்த அறையில் ஒரு நாற்காலியும் கிதாரும் இருந்தன. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தவர்கள் அலங்காரம் பிரமாதம் என்றார்கள். பெரியவள் புதுச் சேலையில், தூங்காத கண்ணோடு, எல்லோருக்கும் கை கொடுத்தாள். சின்னவளின் எண்ணுக்கு எத்தனை தடவை அடித்தாலும் அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது போன்.

பெயிண்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "மேடம், காலையிலேயே கண்ணாடியில ஒட்டிட்டேன். உள்பக்கமா. வெளிய ஒட்டினா மழையில போயிரும்."

"எதை?"

"உங்க பேரை. ஸ்டிக்கர் கடையில பார்சல் ரெடியா இருந்துச்சு. போன வாரமே யாரோ ஆர்டர் குடுத்தாங்களாம். ஒரு பொண்ணு. யாருன்னு அவங்களுக்கு ஞாபகம் வரலையாம். 'எங்க அக்கா பேரு, தெருக்கோடியில நின்னாலும் தெரியணும்'னு சொல்லிச்சாம். உங்களுக்குத் தங்கச்சி இருக்கா மேடம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கீறல்களுக்கு மேலே, இரண்டு முழ உயர எழுத்தில், அவள் பெயர். வாழ்நாளில் அவள் பெயரை யாரும் அத்தனை பெரிதாக எழுதியதில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அன்று இருட்டு அறையில் வராத அழுகை.

முதலாளி ஏதோ சொல்ல, கூட்டம் கை தட்டியது. கைதட்டலுக்கு அடியில் இன்னொன்றும் கேட்டது. பூட்டிய கடைக்குள்ளிருந்து ஒரு மெட்டு, வார்த்தை இல்லாமல், மேலே போய் மெதுவாக இறங்கியது. அவளுக்கு மட்டும் தெரிந்த மெட்டு. நன்றாகப் பாடினாள் சின்னவள், எப்போதும்போல.

மெட்டு நின்றது. அந்துருண்டை வாசனை தெருவரைக்கும் வந்தது.

கிரீச்.

கண்ணாடிக்கு உள்ளே யாரும் இல்லை. பெரியவள் பெயரின் முதல் எழுத்தின் ஓரம் மெதுவாக எழும்பியது.

பையில் போன் அடித்தது. அம்மா. எடுத்துக் காதில் வைத்தாள். "அம்மா!"



"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றது அம்மாவின் குரல், யாரோ ஒருத்தியிடம் பேசுகிற மரியாதையோடு. "கை தப்பா பட்டிருச்சு போல. நீங்க யாரு பேசறீங்க?"

உள்ளே ஒரு இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது.