சுவர் இழுத்த கேபிள்

திருப்பதி பஸ் கார்வேட்டிநகரத்தில் நின்றபோது நல்ல வெயில். கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பிரவீன் முன்னால் நடந்தான். புதிதாக வாங்கிய இரண்டாவது வைஃபை பெட்டியோடு அவன் மனைவி கௌசிகா பின்னால் வந்தாள்.

தனியாக இருந்த பிரவீனின் அம்மா ரத்தினம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திருப்பதியிலிருந்து அந்தப் பழைய வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூடத்திலிருந்த ரவுட்டரின் சிக்னல் கௌசிகா வேலை செய்யும் பின்னறைக்கு எட்டவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மீட்டிங் அறுந்துபோகும். இன்னொரு முறை அப்படி ஆனால் சென்னை ஆபீஸில் வேலை போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

சுவரில் துளை போட்டுக் கேபிளைப் பின்னறைக்குக் கொண்டுபோவதுதான் வழி. சுவரோ முரட்டுத் தடிமன். ட்ரில் முனை எட்டாததால் இரண்டு பக்கமிருந்தும் துளைத்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் முனை சட்டென்று வெறுமைக்குள் வழுக்கியது. துளை சேர்ந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

துளையிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. மக்கிய துணி வாசனை. அதற்குள்ளே, யாரோ இப்போதுதான் தலையில் தேய்த்ததுபோல விளக்கெண்ணெய் வாசனை.

பிரவீன் பின்னறைக்குப் போனான். கௌசிகா கூடத்தில் உட்கார்ந்து கேபிளைத் துளைக்குள் விட்டாள். முதலில் தள்ள வேண்டியிருந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இழுப்பு வந்தது. நிதானமான, சீரான இழுப்பு. சுருள் அவள் மடியில் சரசரவென்று அவிழ்ந்தது.

"போதுங்க. எவ்ளோ இழுப்பீங்க?"

பின்னறையிலிருந்து குரல் வந்தது.

"நான் எங்க இழுத்தேன்? இன்னும் கேபிளே வர்லியே. தள்ளிக்கினே இரு."

அவள் கைகள் நின்றன.

கேபிள் நிற்கவில்லை.

பாதிச் சுருள் உள்ளே போயிருந்தது. அவள் இறுகப் பிடித்தாள். இழுப்பு நின்றது. பிறகு மெதுவாக, கேட்டுப் பார்ப்பதுபோல, ஒரு சுண்டு.

"என்னாங்க!" என்று கத்தினாள்.

பிரவீன் ஓடிவந்தான். அவளுடைய விரல்கள் கேபிளோடு சேர்ந்து துளையை நோக்கி நகர்வதைப் பார்த்ததும் கட்டரை எடுத்துக் கேபிளை வெட்டினான். வெட்டிய முனை விருட்டென்று உள்ளே போய் மறைந்தது.

சுவருக்குள் ஏதோ சுருண்டு படுத்துக்கொள்ளும் சத்தம்.

வாசற்படியில் ரத்தினம்மா நின்றிருந்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உள்ள இழுத்துக்கிச்சா?" என்றாள் தாழ்ந்த குரலில். "அது ரெட்டைச் செவுரு. நடுவுல சந்து இருந்துச்சாம். நான் கண்ணாலமாயி வர்றதுக்கு முன்னியே அடச்சிட்டாங்க. ஏன்னு யாரும் சொல்லல. ஒருவாட்டி துணிக்கொடி கட்ட அதுல ஆணி அடிச்சேன். மறுநாள் பாத்தா ஆணி முழுசா உள்ள போயிருந்துச்சு."

"ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்றான் பிரவீன்.

"சொன்னா என்கூட இருப்பீங்களாடா?"

கௌசிகாவுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருடம் இந்தச் சுவரோடு அந்த அம்மாள் தனியாகத் தூங்கியிருக்கிறாளே என்றுதான் நினைத்தாள்.

இரண்டு துளைகளையும் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். மிச்சக் கேபிளை வெளிச்சுவரோடு சுற்றிக் கொண்டுபோய், ஜன்னல் வழியாகப் பின்னறையில் விட்டார்கள். இரண்டாவது பெட்டி உயிர்பெற்றது. சிக்னல் முழுதாக வந்தது. மறுநாள் மீட்டிங் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. வேலை தப்பியது. அத்தை இனி இந்த வீட்டில் இருக்க வேண்டாம், மூவருமாகத் திருப்பதிக்கே போய்விடலாம் என்று அன்று சாப்பிடும்போது முடிவு செய்தார்கள்.

சாயங்காலம் பின்னறையிலிருந்து பிரவீன் கூப்பிட்டான்.

"கௌசி, நெட்டு திடீர்னு ரொம்ப ஸ்லோவாயிடுச்சு. யாரோ டவுன்லோடு போட்டு இழுக்கற மாதிரி இருக்குது. உன் போன பாரு."

அவள் போன் அணைந்து கிடந்தது. கூடத்துக்குப் போய் ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தாள். பின்னறைக்குப் போகும் கேபிள் சரியாகத்தான் இருந்தது. அதன் விளக்கு அசையாமல் எரிந்தது.

ரவுட்டரில் அதற்கு அடுத்த கேபிள் துளையில் எதுவுமே சொருகியிருக்கவில்லை.

அதன் பச்சை விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.