காற்றுப்பை

பையை அழுத்தினால் நெஞ்சு எழும்ப வேண்டும். எழும்பியது வயிறு.

பயிற்சி டாக்டர் விஜயஸ்ரீ அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? தொண்ணூற்றிரண்டு ஐப்பசி. தாமிரபரணி பாலத்துக்கு மேலே ஓடியது. பெரிய டாக்டர் அக்கரையில் மாட்டிக்கொண்டார். மின்சாரம் போனதில், இருந்த ஒரே மூச்சு எந்திரமும் செத்துக் கிடந்தது. ஆக்சிஜன் தேடிக் கீழே போன நர்ஸ் திரும்பவில்லை.

உவரிக் கடற்கரை மணலில் படுத்திருந்த சிலுவைமுத்துவைக் கட்டுவிரியன் கடித்து, இமைகூடத் தூக்க முடியாத நிலையில் கொண்டுவந்திருந்தார்கள். அவன் தொண்டையில் குழாயை இறக்கி, நுனியில் ரப்பர் பையை மாட்டி, மனைவி கிரேஸியின் கையில் கொடுத்திருந்தாள் விஜயஸ்ரீ. அங்கே அதுதான் வழக்கம். எந்திரம் இல்லையென்றால் சொந்தக்காரர்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும்.

"சரியா அழுத்துதேனா, டாக்டரம்மா?"

"சரியாத்தான் இருக்கு. நிறுத்திராதீங்க."

சரியாக இல்லை. நுரையீரலுக்குப் போக வேண்டிய குழாய் இரைப்பைக்குப் போயிருந்தது. உருவி மறுபடி போட வேண்டும். ஏற்கெனவே தவறிய கை இன்னொருமுறை துணியவில்லை. கேட்க ஆளில்லை. அவளுக்கு அழுகை வந்தது. விடாத மழைச் சத்தம், டெட்டால் வாடை, பை சுருங்கி விரியும் முனகல், அதன் பின்னாலேயே அவன் வயிற்றுக்குள் குடத்தில் நீர் புகுவதுபோல ஒரு களகளப்பு. அந்த விஷம் உடம்பைக் கட்டும், நினைவைக் கட்டாது. அவனுக்கு எல்லாம் கேட்கும். அவள் சொன்ன பொய்யும் கேட்டிருக்கும்.

அந்த நினைப்பில் அவளுக்கு மூச்சு தடுமாறியது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

கிரேஸி பையை அழுத்தினாள். விஜயஸ்ரீயின் நெஞ்சு தானாக விம்மியது. ரப்பர் வாடையுள்ள காற்று. கிரேஸி கையைத் தளர்த்தினாள். நெஞ்சு இறங்கியது.

விஜயஸ்ரீ ஓடிப்போய்க் குழாயை உருவ நினைத்தாள். கால் வரவில்லை. கை வரவில்லை. சுவரோடு சரிந்தாள். இமை கனத்து இறங்கியது. கீற்றளவு வெளிச்சம் மட்டும்.

கிரேஸி பையை அழுத்தியபடியே கணவனின் நீலம் பாரித்த உதட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"அவிய போயிட்டாவ, டாக்டரம்மா," என்றாள் பைய, திரும்பிப் பார்க்காமலே. "உடம்பு சில்லிட்டுப் போச்சு. இனி எதுக்கு அழுத்தணும்?"

விஜயஸ்ரீக்கு எல்லாம் கேட்டது. அழுத்துங்க. நிறுத்திராதீங்க. நாக்கு அசையவில்லை.

கிரேஸி பையைக் கட்டிலில் வைத்தாள். கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி, இவளுக்கு முதுகைக் காட்டி முழந்தாளிட்டு, முதல் மணியிலிருந்து நிதானமாகத் தொடங்கினாள்.